பானை ஓட்டில் ஒரு பெயர்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து ஜமக்காளங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் நம்மை அணுகி, மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "ஐயா, இதற்குத் தங்கள் பகுதியில் விடை எழுத வேண்டும்" என்று கூறிச் சென்றார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். அவர் பணிபுரியும் பட்டறையில், உணவு வேளையில் கீழடியைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் நகைத்து, "உடைந்த ஓட்டில் இரண்டு கீறலைக் கண்டுவிட்டு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு என்கிறீர்கள். அவரவர் மொழியை அவரவர் அதில் படித்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்றாராம். நம் இளைஞருக்குச் சினம் வந்தது, விடைதான் வரவில்லை. "புனே முகாமில் லால் தேவள் என்னும் யூதர் ஆலயம் இருக்கிறதே, அவர்களுடைய பழைய எபிரேய எழுத்தும் பானை ஓடுகளில் கிடைத்ததாகப் படித்திருக்கிறேன். அதை எப்படிப் படிக்கிறார்கள்? நம்முடையதை எப்படிப் படிக்கிறோம்? உண்மையைச் சொல்லுங்கள், பெருமையைச் சொல்ல வேண்டா" என்று தாளை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரி நம்மை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. ஏனெனில் இத்தகைய வினாக்களுக்குப் பெருமையைச் சொல்லியே பழகிவிட்டவர்கள் நாம்.

விடையை நம் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்குவோம். தாபோடியில் வாழும் நம் குடும்பங்களுள் பாத்திரத்தில் பெயர் வெட்டாத குடும்பம் உண்டோ? ஊரை விட்டு மூட்டை கட்டிப் புறப்பட்ட நாளில், பெட்டியில் இடம் இருந்ததோ இல்லையோ, தவலையும் செம்பும் வண்டியேறின. அவற்றின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், சங்கத்துப் பொங்கல் விருந்து முடிந்த மறுநாள், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கிடையே பித்தளைத் தவலை ஒன்று எஞ்சிற்று. கழுத்தில் 'க. மு.' என்று இரண்டே எழுத்துக்கள். இரு வீட்டார் அதற்கு உரிமை கோரினர். ஒரு வீட்டில் பாட்டனார் கந்தசாமி, அவர் மகன் முத்துசாமி, ஆகவே க. முத்துசாமி. மற்றொரு வீட்டில் கதிர்வேலின் மனைவி முனியம்மாள், ஆகவே க. முனியம்மாள். இரு வாசிப்பிலும் எழுத்துப் பிழை இல்லை. ஆயின் தவலை ஒன்றுதானே! இவ்வழக்கு எப்படி முடிந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம். ஓட்டெழுத்தைப் படிப்போரின் இடர்ப்பாடு முழுவதும் அந்தத் தவலையின் கழுத்திலேயே இருக்கிறது என்பதை மட்டும் ஈண்டு நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி எபிரேயம். டேவிட் சசூன் என்னும் வணிகரின் கொடையால் எழுந்து 1867-ல் நிறைவுற்ற அந்தச் செந்நிற ஆலயத்தில் ஓதப்படும் மறைநூலின் எழுத்து, சதுர வடிவில் அமைந்த பிற்கால எழுத்து. எருசலேமைச் சூழ்ந்த பழைய நகரங்களின் ஓடுகளில் காணப்படுவது அதனினும் முற்பட்ட வேறொரு வடிவம். பினீசிய எழுத்துக்கு நெருங்கிய உறவு. ஆலயத்தில் சதுர எழுத்தைத் தடையின்றி ஓதும் ஒருவர், பழைய ஓட்டை எடுத்துக் காட்டினால் பயிற்சியின்றிப் படித்தல் அரிது. நாம் இன்றைய தமிழைப் படிப்பவராயினும் கீழடி ஓட்டைப் படிக்க இயலாதவாறு போலவே இது. மேலும் அவ்வெழுத்தில் மெய்யை மட்டுமே எழுதினர். உயிரைப் படிப்பவரே ஊட்டிக்கொள்ள வேண்டும்.

யூதேயா நாட்டு மண்சாடிகளின் கைப்பிடிகளில் 'ல், ம், ல், க்' என்னும் நான்கு மெய்கள் முத்திரையாக அழுத்தப்பட்டுள்ளன. இத்தகைய கைப்பிடிகள் 2000-க்கும் மேல் கிடைத்துள்ளன. 'லமெலெக்' என உயிரூட்டிப் படித்து, 'அரசனுக்கு உரியது' எனப் பொருள் கண்டனர். பொருளில் ஐயம் எழவில்லை. எந்த அரசன், எந்தக் காலம் என்பதில்தான் நெடுநாள் பூசல். எழுத்தின் வளைவையும் முத்திரையின் உருவையும் காட்டி ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலம் கூறினர். பூசலைத் தீர்த்தது எழுத்தன்று, மண். 1970-களில் லாகீசு என்னும் நகரை அகழ்ந்த டேவிட் உசிஷ்கின், கி.மு. 701-ல் அசீரியர் எரித்தழித்த அடுக்கிலேயே அச்சாடிகள் கிடப்பதைக் காட்டினார். அதன்பின் அவை எசேக்கியா மன்னன் காலத்தன என்பது பெரும்பாலாரால் ஏற்கப்பட்டது.

அதே லாகீசு நகரில் 1935-ல் ஸ்டார்க்கி என்னும் ஆங்கிலேய அகழ்வாளர், எரிந்த வாயில் அறை ஒன்றில் மை கொண்டு எழுதிய ஓட்டுக் கடிதங்களைக் கண்டெடுத்தார். பாபிலோனியர் நாட்டை விழுங்கவிருந்த கடைசி நாள்களில், புறக்காவலில் இருந்த படைத்தலைவன் ஒருவன் தன் மேலதிகாரிக்கு விடுத்தவை அவை. ஒரு கடிதத்தில் அவன் மனம் புண்பட்டு எழுதுகிறான். உனக்குக் கடிதம் படிக்கத் தெரியாது என்று மேலதிகாரி குத்திக் காட்டினார் போலும். எனக்கு எவரும் கடிதம் படித்துக் காட்ட வேண்டிய நிலை வந்ததில்லை என்று ஆணையிட்டு மறுக்கிறான். கட்கியிலும் தாபோடியிலும் படைத்துறைத் தொழிலகங்களில் உழைத்த நம் பெரியோர்க்கு மேலதிகாரியின் ஓலை எப்படி இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட ஒருவனின் வெட்கமும் வீம்பும் ஓர் ஓட்டுத் துண்டில் மங்காமல் இருந்தது வியப்பன்றோ?

ஆயின் அங்கும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. அக்கடிதங்களை முதலில் படித்து வெளியிட்ட பேரறிஞர் தோர்ச்சினர், அவற்றில் ஒரு தீர்க்கதரிசி குறிக்கப்படுவதைக் கண்டு, விவிலியத்தில் வரும் உரியா என்பவரின் கதையோடு கடிதம் முழுவதையும் பிணைத்துவிட்டார். உரியாவின் பெயர் ஓட்டில் இல்லை. அறிஞர் பிறர் அந்த முடிச்சை ஏற்கவில்லை. எழுத்துக்களைப் பெரும்பாலும் நன்கு படித்தவர்தாம் அவர். தாம் அறிந்த கதையை ஓட்டில் காண விரும்பியதில்தான் வழி தவறினார்.

நிற்க. நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டு ஓடுகளில் உள்ள எழுத்தைத் தமிழ்ப் பிராமி என்றும் தமிழி என்றும் வழங்குகின்றனர். பிராமி எழுத்து பாரதம் முழுவதிலும் வழங்கியது. தாபோடியில் லோணாவளா வண்டியேறி மளவ்லி நிலையத்தில் இறங்கினால், ஒரு புறம் பாஜே, மறு புறம் கார்லே எனக் குடைவரைகள் உள்ளன. அங்கே தூணிலும் சுவரிலும் கொடையளித்தோர் பெயர்களைப் பிராமியில்தான் வெட்டி வைத்தனர், மொழி பிராகிருதம். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சென்று பார்த்து வரலாம். கார்லேயில் கொடையாளருள் யவனர் என்று தம்மைக் கூறிக்கொண்டோரும் உளர்.

அவ்வாறாயின் நம் ஓட்டில் உள்ளது தமிழ் என்று எவ்வாறு அறிவது? இளைஞரின் நண்பர் கேட்ட வினா இதுவே, நல்ல வினா. பாண்டி நாட்டுக் குகைக் கல்வெட்டுக்களை முதலில் ஆராய்ந்தோர் அவற்றைப் பிராகிருதமாகப் படிக்க முயன்று பொருள் காண இயலாமல் திகைத்தனர். 1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று நிறுவினார். அவர் பெருமை பேசவில்லை, எழுத்தைக் காட்டினார். வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் இன்றியமையாத வருக்க எழுத்துக்கள் அவற்றில் ஏறத்தாழ இல்லை. அசோகர் பிராமியில் இல்லாத ற, ன, ழ, ள என்னும் ஒலிகளுக்குரிய எழுத்துக்களோ இருக்கின்றன. பிராகிருதம் பேசுவோன் 'ற'கரத்துக்கென ஓர் எழுத்தைப் படைத்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன? பின்னர் ஐராவதம் மகாதேவன் அவ்வழியே நெடுந்தொலைவு சென்றார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே குகை குகையாக ஏறி 1966-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டார், 2003-ல் பெருநூலொன்றாக விரித்தார், 2018-ல் மறைந்தார்.

எபிரேயத்தில் உயிர் இல்லாமையால் இடர் என்றோம். தமிழ்ப் பிராமியின் தொல்லை வேறு வகைத்து. வடக்கே 'க' என்னும் எழுத்தில் அகரம் உள்ளுறையும். தமிழுக்கோ சொல்லின் இறுதியிலும் இடையிலும் தனி மெய் வேண்டும். அதனால் மிகப் பழைய எழுத்தாளர் சிலர், குறியில்லாத எழுத்தை மெய்யாகக் கொண்டு, அகரம் வேண்டுமிடத்து ஒரு சிறு கோடு இட்டனர். ஆகாரத்துக்கும் அதே கோடுதான். இந்த முறையில் 'மகன்' என்று எழுதியதை வடநாட்டு வழக்கால் படிப்பவர் 'மாகான' என்று படிப்பார். ஈதென்ன மொழி என்று தலையைச் சொறிவார். பின்வந்தோர் அகரக் கோட்டை விட்டனர். அப்பொழுது ஓர் எழுத்து 'க்' ஆகவும் இருக்கலாம், 'க' ஆகவும் இருக்கலாம். கடைசியில் வந்தது புள்ளி. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி கூறுவதைப் பள்ளியில் நெட்டுருப் போட்டோமே, அச்சிறு புள்ளி ஒரு பெரும் குழப்பத்தைத் தீர்க்க எழுந்தது என்பதை அன்று நமக்கு எவரும் சொல்லவில்லை! ஆகவே ஓட்டைக் கையில் எடுப்பவர், இது எந்த முறையில் எழுதியது என்பதை முதலில் தெளிய வேண்டும். மூன்று எழுத்து மட்டும் உடைந்து நின்றால் அதுவும் எளிதன்று.

எழுத்து பானை சுடுமுன் எழுதியதா, சுட்டபின் கீறியதா என்பதும் பெரிது. ஈர மண்ணில் எழுதியது குயவர் வேலையாகலாம். சுட்டு ஆறிய பானையில் கூரிய முனையால் கீறியதோ பெரும்பாலும் உடைமையாளர் கை. சென்னிமலைக்கு அண்மையில் நொய்யற் கரையில் உள்ள கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னர்ப் பேராசிரியர் கா. இராஜனும் அகழ்ந்து 500-க்கும் மேற்பட்ட எழுத்துடைய ஓடுகளைக் கண்டனர். மணிக்கல் அறுத்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த தொழிலூர் அது. ஓடுகளில் பெரும்பாலன பெயர்கள். கண்ணன் ஆதன் என்பது ஒன்று. சம்பன் சுமணன் என்பது மற்றொன்று. 'சுமண' என்பது வடபுலப் பெயர். அதன் கடைசியில் தமிழ் னகரம் ஏறி நிற்கிறது. எல்லாவற்றையும் தமிழென்று சாதிப்பவர் இவ்வோட்டில் பாதியை மறைக்க வேண்டிவரும். எல்லாம் வடக்கே என்பவர் மறு பாதியை மறைக்க வேண்டிவரும். ஓடு இரண்டையும் மறைக்கவில்லை. புனேயில் பிறந்து மராத்தியப் பெயர் சூட்டப்பெற்று, தந்தை பெயரின் தமிழ் முதலெழுத்தைத் தாங்கித் திரியும் நம் பேரக் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சுமணன் நமக்கு நினைவுக்கு வருகிறான்.

அயலூரில் குடியேறி வாழும் நமக்கு இவற்றினும் நெருக்கமான ஓடுகள் கடல் கடந்து கிடைத்துள்ளன. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் குசேர் அல் காதிம் என்னும் பழைய துறைமுகத்தில், 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கணன், சாதன் என்னும் இரு பெயர்கள் தமிழ் எழுத்தில் கிடைத்தன. 1995-ல் அதே கரையின் பெரெனிகே துறையில், கொற்றன் என்னும் பெயர் அமைந்த ஓடு வெளிப்பட்டது. அத்துறையில் 1999-ல் இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகும் கிடைத்தது. பின்னர்க் குசேரில் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் கண்ட உடைந்த சாடியொன்றில் ஒரே தொடர் இரு புறமும் கீறப்பட்டிருந்தது. 2007-ல் மகாதேவன் அதனைப் 'பானை ஒறி' என்று படித்தார். நம் தாய்மார் தயிர்ப்பானை தொங்கவிடும் உறியேதான்! சாடி இந்தியாவில் வனைந்தது என்று மட்கலம் ஆராய்வோர் கூறினர். தாய்லாந்தில் பூ காவ் தொங் என்னுமிடத்தில் கிடைத்த ஓட்டில் 'து, ற, ஓ' என்று மூன்றே எழுத்து. துறவோன் என்ற சொல்லின் பகுதியாகலாம் என்றார் மகாதேவன். சொல் அதுதானா என்பது 'ஆகலாம்' என்ற அளவில் நிற்கிறது. ஆயின் நடுவில் உள்ள றகரம் மொழி தமிழ் என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

இங்கே நாம் தவலை வழக்கை முடிக்க வேண்டும். இரு வீட்டாரும் வாதாடிக் கொண்டிருந்த மூன்றாம் நாள், விருந்தன்று சமையலுக்கு உதவிய ஒரு பாட்டி வந்து, "அது எங்கள் தவலை அப்பா. என் மருமகன் ஜூனா பஜாரில் பழைய பாத்திரக் கடையில் வாங்கியது. எழுத்து யாருடையதோ, எங்களுக்கு என்ன தெரியும்? அடியில் ஈயம் வைத்து அடைத்த ஓட்டை இருக்கும், பாருங்கள்" என்றார். கவிழ்த்துப் பார்த்தோம், இருந்தது. க. மு. என்பவர் யாரோ, எந்த ஊரோ, அவர் புனேயை மிதித்தாரோ இல்லையோ எவருக்கும் தெரியாது.

எகிப்தில் கிடைத்த ஓட்டுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. தமிழ்ப் பெயர் கீறிய பானை எகிப்தில் கிடந்தால், பெயருக்குரியவன் எகிப்தில் நின்றான் என்பது உடனே பெறப்படாது. முசிறியிலோ காவிரிப்பூம்பட்டினத்திலோ பெயரெழுதிச் சரக்கோடு அனுப்பியிருக்கலாம். அடுக்களையில் புழங்கும் சிறு கலமாக இருந்தால், ஆள் உடன் சென்றான் என்பதற்கு வலு கூடும். யாரும் மிளகு வாணிகத்துக்காகச் சோற்றுக்கலத்தை ஏற்றுமதி செய்வதில்லை. யவனர் வனைந்த சாடியில் தமிழ்ப் பெயரைச் சுட்டபின் கீறியிருந்தால், அச்சாடி ஒரு தமிழ்க் கையில் இருந்தது என்பதாவது உறுதி. இவ்வாறு ஓட்டின் மண், வடிவு, புகைக்கறை, கிடந்த அடுக்கு ஆகிய அனைத்தும் சான்று கூறியபின்னரே பெயர் பேசத் தொடங்கும்.

அறிஞரே ஒருமித்து நில்லாத ஓடுகளும் உண்டு. இலங்கையில் திசமகாராமையில் செருமானிய அகழ்வாளர் கண்ட தட்டத்து ஓட்டில், எழுத்தோடு கீறற் குறிகளும் கலந்திருக்கின்றன. 2010-ல் மகாதேவன் அதனைத் 'திரளி முறி' என்று படித்து, அவையின் எழுத்துடன்பாடு எனப் பொருள் கூறினார். வேறு அறிஞர் அதனை ஏற்கவில்லை. பொருளை மறுத்தோரும் உளர், வாசிப்பையே மறுத்தோரும் உளர். அந்நாட்டில் இரு மொழியாருக்கிடையே நிகழ்ந்த துயரங்களை நினைத்தால், ஓர் ஓட்டுத் துண்டின் மேல் எத்துணைப் பாரம் ஏற்றப்படுகிறது என்பது விளங்கும்.

கீழடிக்கு வருவோம். 2015 முதல் மத்தியத் தொல்லியல் துறையும், பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் அங்கே அகழ்ந்தன. 2019-ல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கையில், 353 செண்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று சோதனை கூறிற்று. எழுத்துடைய 56 ஓடுகள் குறிக்கப்பட்டன. ஆதன், குவிரன் ஆதன் முதலிய பெயர்கள் அவற்றில் உள. பழனிக்கருகில் பொருந்தலில் இராஜன் அகழ்ந்த ஈமக்குழியில், 'வயர' என்று எழுதிய பிரிமணையும் ஒரு கலம் நிறைய நெல்லும் இருந்தன. நெல்லின் காலம் கி.மு. 490 என வந்தது. இவற்றைக் கொண்டு நம் எழுத்தின் தொடக்கம் அசோகர் காலத்துக்கு முற்பட்டது என்று பலர் கூறுகின்றனர். சான்று வலுவுடையதே. எனினும் ஒன்றை மறைத்தல் தகாது: காலம் அளக்கப்பட்டது கரிக்கும் நெல்லுக்கும், கீறலுக்கன்று. ஓடும் கரியும் ஒரே காலத்தில் ஒரே அடுக்கில் அமைந்தன என்பதை மண்ணடுக்கு காட்ட வேண்டும். ஓரிரு சோதனையை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது என்று தமிழறிந்த கல்வெட்டறிஞரே எச்சரித்துள்ளனர். அவர்களைத் தமிழ்ப் பகைவர் என்று ஏசுவோரை நாம் அறிவோம். ஏசுவோருள் எத்தனை பேர் ஓர் அகழ்வறிக்கையைப் புரட்டினர் என்பதை நாம் அறியோம்.

ஆகவே, அன்புள்ள இளைஞரே, பட்டறை நண்பரிடம் கூறுங்கள்: அவரவர் மொழியை அவரவர் படித்துக்கொள்ள முடியாது, ற, ன, ழ, ள என்னும் நான்கு எழுத்துக்கள் தடுக்கும். பெயர்கள் தமிழ்ப் பெயர்கள் என்பதில் ஐயமில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அவை செங்கடற் கரை வரை சென்றன என்பதிலும் ஐயமில்லை. இரண்டாயிரத்து அறுநூறு என்பதற்குச் சான்று உண்டு, ஆராய்ச்சி முடியவில்லை. அவரையும் ஒரு ஞாயிறு கார்லேக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெயர்களை அவர் பங்குக்கு அவர் பார்க்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது நம் பேரன் அருகில் வந்து அமர்ந்தான். நம் தாயார் ஊரிலிருந்து கொணர்ந்த செம்பை அவன் கையில் கொடுத்து, கழுத்தில் உள்ளதைப் படி என்றோம். பள்ளியில் தேவநாகரியும் ஆங்கிலமும் கற்பவன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பூ வேலைப்பாடா, தாத்தா?" என்றான். அது அவன் கொள்ளுப்பாட்டியின் பெயர்.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்கத்துத் தமிழ் வகுப்பில், பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் பெயர் வெட்டிய பழைய பாத்திரம் ஒன்றைக் கொண்டு வருமாறு கேட்டிருக்கிறோம். மெல்லிய தாளும் பென்சிலும் போதும்; தாளை எழுத்தின்மேல் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பது எப்படி என்று நாமே காட்டுவோம். பெயர் யாருடையது, எந்த ஊரில் எந்த ஆண்டில் வெட்டியது என்பதைத் தாய்மார் ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புக. விலைக்கு வாங்கிய பழம்பாத்திரமாயின் அதையும் ஒளிக்காமல் எழுதுக.